அலமாரிக்குப் பின்னால் இருந்த இணைப்பு

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த நேரம் எழுத்தில் இருக்கிறது. இரண்டாயிரமாவது ஆண்டு மே பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. நவுசோரி சந்தைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் முட்டி போட்டுக்கொண்டு, வயரிங் இன்ஸ்பெக்டர் வெங்கடசாமி தம் நோட்டீஸ் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு, 'ஐஸ்கிரீம் டப்பா ஜங்ஷன் பாக்ஸ் ஆகாது' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சுரேந்திரா. அந்த வீட்டுக்கு வயரிங் செய்த கான்ட்ராக்டர். பக்கத்து அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நடுவில் நின்று ஒரு ஆள் அவசரமாகப் பேசினான்.

"வெங்கட் பாய், இறங்குங்க! பார்லிமெண்டுக்குள்ள துப்பாக்கியோட பூந்துட்டானுங்களாம். பிரதம மந்திரியப் புடிச்சு வெச்சிருக்கானுங்களாம்!"

மேலே டப்பாவைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சுரேந்திரா, இது என்ன டப்பா?"

"அரே பாய், நான் என்ன சொல்றேன், நீங்க..."

"என்ன டப்பான்னு கேட்டேன்."

"வெனிலா."

"மூடி எங்க?"

"மூடி இந்த வீட்டுப் பொண்ணுகிட்ட. அதுல ரொட்டி வெச்சு ஸ்கூலுக்குக் கொண்டுட்டுப் போகுது."

வெங்கடசாமி 'மூடியும் இல்லை' என்று சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கூரை ஓட்டை வழியாகக் கீழே நீட்டினார். பிறகுதான் இறங்கினார். தலைநகர் சுவாவில் இந்தியர்களின் கடைகள் எரிகின்றன என்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. பஸ் இல்லை. ரேவா ஆற்றுப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு நடந்தே போனார். அன்று ஒரே நாளில் அரசாங்கமும் விழுந்தது, டப்பாவும் விழுந்தது, கையெழுத்தோடு விழுந்தது டப்பா ஒன்றுதான் என்று சுரேந்திரா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வெங்கடசாமிக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பிறந்தது வனுவா லேவு தீவில், ட்ரெகேட்டியில், நெல் விளையும் ஊரில். அவர் அங்கிருந்து கிளம்பும்வரை அந்த ஊரில் ஒரு மின்கம்பம்கூடக் கிடையாது. மின்சாரத்தோடு வளர்ந்தவர்கள் அதை வீட்டு நாயைப் போல நடத்துவார்கள். அவர் கடைசிவரை அடுத்த வீட்டு நாயைப் போலத்தான் நடத்தினார். கொஞ்ச நாள் வயர் இழுத்தார், பரீட்சை எழுதினார், மின்சார ஆபீசில் இன்ஸ்பெக்டர் ஆனார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக அவர் வயரைத் தொட்டது அது சரியில்லை என்று சொல்வதற்கு மட்டும்தான்.

அவருடைய சட்டம் சுருக்கமானது. இரண்டு வயர் சேரும் இடம் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டிக்கு மூடி இருக்க வேண்டும். அந்த மூடியை எதையும் பெயர்க்காமல் ஒரு மனிதன் எட்டித் திறக்க முடிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இணைப்பு அசிங்கமாக இருந்தாலும் பாஸ். ஒன்று குறைந்தால் தங்கத்தில் செய்திருந்தாலும் ஃபெயில்.

மே மாதத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்துக்கு வந்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஆட்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள் என்று எழுத ஆசைதான், போனது விமானத்தில். ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர். முதலில் டாக்டர்கள் போனார்கள், அப்புறம் வாத்தியார்கள், அப்புறம் எலெக்ட்ரீஷியன்கள். வெங்கடசாமியோடு வேலை பார்த்த இன்னொரு இன்ஸ்பெக்டர் ராஜ்நீல், ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்கு வரவில்லை. புதன்கிழமை சிட்னியிலிருந்து போன் பண்ணி, மேஜை இழுப்பறையில் இருக்கும் தன் குடையை யாராவது எடுத்துக்கொள்ளலாம் என்றான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மொத்தத்துக்கும் வெங்கடசாமி ஒருவரே இன்ஸ்பெக்டர் ஆனார்.

போகிற குடும்பம் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பூஜை வைக்கும். பூஜை முடிந்து சாப்பாடு, சாப்பாடு முடிந்து நங்கோனா. வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்த அந்தக் கலங்கல் பானத்தை ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் மொண்டு குடிப்பார்கள். ஐந்தாவது சுற்றில் நாக்கு மரத்துப்போகும். எட்டாவது சுற்றில் வெட்கம் மரத்துப்போகும். அப்போது ஒரு மச்சான் மேலே பார்ப்பான். "இந்த ஃபேனு யாருக்கு?" வீட்டுக்காரர் கண் கலங்கி, "உனக்குத்தான், எடுத்துக்க" என்பார். கரும்பு வெட்டும் கத்தி வரும். யாராவது மெயினை அணைப்பார்கள், அதுவும் ஞாபகம் இருந்தால்.

இங்கேதான் அந்த மச்சான்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்தார்கள். ஃபேனுக்கு வால் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைத்து, வயரைக் கூரையோடு ஒட்ட வெட்டினார்கள். வால் ஃபேனோடு போயிற்று. வீட்டுக்கு மிஞ்சியது, சுவரிலும் கூரையிலும் எலி கடித்த மாதிரி ஒரு விரல்கடை நீளத்துக்குச் செம்பு. நவுசோரி முழுக்கப் பாதி வீடுகளில் வயர் குட்டை. மீதிப் பாதி வீடுகளில் தேவையில்லாத நீளத்துக்கு வால் வைத்த ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் அந்த மச்சானும் கிளம்புவான். அவன் வீட்டுக் கூரையிலும் ஒட்ட வெட்டுவார்கள்.

அந்தக் குட்டை வயர்களை நீட்டும் பொறுப்பு, ஊரில் மிச்சமிருந்த ஆட்களின் தலையில் விழுந்தது. அவர்கள் கற்பனைக்குக் குறைவில்லை. முறுக்கி டேப் சுற்றினார்கள். டேப் தீர்ந்தபோது சைக்கிள் டியூப் சுற்றினார்கள். கண்டென்ஸ்டு மில்க் டின்னைப் பெட்டியாக்கினார்கள். தகர டின்னுக்குள் வயரை வைத்தால் என்ன ஆகும் என்பதை வெங்கடசாமி அந்த வீட்டுக்காரருக்கு விளக்கவில்லை, டின்னைக் கழற்றித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் மின்சார அடுப்புக்கான கனமான வயரை மேஜை விளக்கின் நூல் வயரால் நீட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து அவர் நோட்டீஸில் எழுதிய ஒரே வார்த்தை 'ஐயோ'. மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பி, விதி எண் குறிப்பிடும்படி கேட்டார்.

பாஸானது யார் என்று கேட்டால் ஊரே சிரிக்கும். சந்தையில் வெண்டைக்காய் விற்கும் ஒரு அம்மாள் வயரை நீட்டவே இல்லை. குட்டை வயர் எங்கே முடிந்ததோ அங்கேயே சுவிட்சை வைத்துவிட்டாள். அது தரையிலிருந்து ஏழடி உயரம். விளக்குப் போட விளக்குமாற்றுக் குச்சி. வெங்கடசாமி பத்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இணைப்பே இல்லை, ஆகவே தப்பான இணைப்பும் இல்லை. குச்சியால் தட்டிப் பார்த்தார். எரிந்தது. பாஸ் போட்டார். பக்கத்து வீட்டில் கொலு பொம்மை மாதிரி அழகாகப் பூசி மெழுகிச் சுவருக்குள் இணைப்பை ஒளித்திருந்தவனுக்கு ஃபெயில். அவன் ஒரு மாதம் சந்தையில் நின்று இந்த அநியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிகமாக ஃபெயிலானவன் சுரேந்திராதான். அதிகம் வேலை செய்தவனும் அவன்தான். அவனும் மதராஸிலிருந்து கரும்புக்கு வந்தவர்களின் வழி. தமிழ் கொஞ்சம் மிச்சமிருந்தது, கோபம் வந்தால் ஹிந்திக்கு மாறிவிடுவான். ஒவ்வொரு நோட்டீஸையும் வாங்கி, முத்தமிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

"எதுக்குடா சேத்து வெக்கிற?"

"நான் செத்தா நெருப்பு வெக்கறதுக்கு, பாய். காஞ்ச காயிதம், நல்லா புடிக்கும்."

வெங்கடசாமிக்குப் போகும் எண்ணமில்லை. அவர் மனைவி கம்லாவுக்கு இருந்தது. ஒரே மகள் அஷ்னிதா கல்யாணமாகி ஆக்லாந்தில் இருந்தாள். தொண்ணூற்றொன்பதில் போனவள், அப்பாவிடம் போனில் பேசும்போது ஹிந்தியில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். இடையில் 'அப்பா' என்ற ஒரு சொல்தான் தமிழ். அந்தச் சொல் போதுமாக இருந்தது. ஜூலை மாதம் ஊரடங்கு நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான்கு வீடுகளைக் கொள்ளையடித்தார்கள். மறுநாள் கம்லா கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று கூடுதலாகப் போடச் சொன்னாள். போட்டார். அதற்கு மறுநாள் நியூஸிலாந்தில் குடியேறுவதற்கான விண்ணப்பப் பாரங்களை வாங்கி வரச் சொன்னாள்.

"ஏங்க, எண்பத்தேழுல ராணுவம் ஆட்சியப் புடிச்சப்பவும் இதான் சொன்னீங்க. ஒரு தடவைதான், சரியாப் போயிடும்னீங்க."

"சரியாத்தானே போச்சு, பதிமூணு வருஷம்."

"அடுத்த பதிமூணு வருஷத்துக்கு நான் காவல் காக்க மாட்டேன். பொண்ணு கிட்டப் போய் இருக்கணும். அவ்வளவுதான்."

பாரம் வாங்கினார். அவருடைய தொழிலுக்கு நியூஸிலாந்தில் தேவை இருந்தது; ஐம்பது வயது ஆவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வரும் ஏப்ரல் நான்காம் தேதி அவருக்கு ஐம்பது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. இருபத்திரண்டு வருஷ இன்ஸ்பெக்டர் வேலை கணக்கில் வராதாம். பார்த்தது போதாது, செய்திருக்க வேண்டும். பதிவுபெற்ற கான்ட்ராக்டர் ஒருவரின் கீழ் இருநூறு மணி நேரம் கையால் வயரிங் செய்து, அந்த வேலைகள் இன்ஸ்பெக்டரால் பாஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் கையெழுத்திட வேண்டும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மிச்சமிருந்த பதிவுபெற்ற கான்ட்ராக்டர் சுரேந்திரா. மிச்சமிருந்த இன்ஸ்பெக்டர் வெங்கடசாமி.

சுரேந்திரா முதலில் நம்பவில்லை. நம்பியதும் தரையில் உட்கார்ந்துகொண்டான். சிரிப்பு அடங்கவில்லை.

"நீங்க எனக்கு ஹெல்ப்பரு? பகவானே! பாய், சனிக்கிழம ஏழு மணிக்கு வந்துடணும். லேட்டானா நோட்டீசு குடுப்பேன்."

தாம் செய்த வேலையைத் தாமே பரிசோதிப்பது முறையா என்று வெங்கடசாமி சுவாவுக்கு எழுதிக் கேட்டார். மேலதிகாரி தேடிப் பார்த்து, அதற்கு எதிராக விதி எதுவும் இல்லை என்று பதில் போட்டார். இப்படி ஒரு நிலைமை வரும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தப் பதில் கடிதம்தான் மேலதிகாரி அந்த ஆபீசில் கையெழுத்திட்ட கடைசிக் கடிதம்; அவர் பெர்த் போய்விட்டார்.

அக்டோபர் பதினான்கிலிருந்து சனிக்கிழமைகள் தொடங்கின. நாளுக்கு எட்டு மணி, இருபத்தைந்து சனிக்கிழமை. முதல் நாள் அவர் கைக்கு வேலை மறந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக டார்ச் பிடித்த கை. செம்பைச் சீவும்போது கட்டைவிரலைச் சீவிக்கொண்டார். சுரேந்திரா அவரை அதட்டவில்லை; கிண்டல் மட்டும் செய்தான். மதியம் இருவரும் கூரை நிழலில் உட்கார்ந்து, கம்லா கொடுத்தனுப்பிய கத்தரிக்காய்க் கறியையும் ரொட்டியையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை வெங்கடசாமி ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு, அட்டைப் பலகையோடு, முந்தாநாள் தாம் செய்த வேலையைப் பார்க்கப் போவார். ஏணியில் ஏறி, கண்ணாடியை மாற்றி, முன்பின் தெரியாத ஆள் செய்த மாதிரிப் பார்ப்பார். ஒரு முறை திருகாணி தளர்ந்திருப்பதாகத் தமக்கே எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டார். இருபத்திநான்கு சனிக்கிழமை, இருபத்திநான்கு பாஸ். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம்.

இருபத்தைந்தாவது சனிக்கிழமை மார்ச் முப்பத்தொன்று. வீடு, கோயில் குருக்கள் ஸ்ரீனிவாசன் வாடகைக்கு வந்த வீடு. கும்பகோணம் பக்கத்திலிருந்து கோயில் கமிட்டி வரவழைத்தவர். எல்லாரும் கிளம்பும் நேரத்தில் வந்து இறங்கிய ஒரே குடும்பம் என்பதால் விமான நிலையத்தில் இரண்டு முறை, தப்பான வரிசையில் நிற்கவில்லையே என்று கேட்டார்களாம். அவர் மனைவி யசோதா ஒரு மாவு கிரைண்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மின்சாரம் இல்லாததால் அது இரண்டு வாரமாக அட்டைப் பெட்டியிலேயே இருந்தது.

"மாமா, இன்னிக்குக் கரண்டு வந்துடுமா?" என்று வெங்கடசாமியிடம் கேட்டாள். "உளுந்து ஊறப் போட்டுட்டேன்."

"திங்கக்கிழம இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும்மா."

"இன்ஸ்பெக்டர் நல்லவரா?"

ஏணிக்கு மேலிருந்து சுரேந்திரா சொன்னான்: "ரொம்ப மோசம்."

முன்பு இருந்த குடும்பம் வான்கூவர் போயிருந்தது. அடுப்பை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், வழக்கம்போல நீள வாலோடு. சமையலறைச் சுவரில் வயர் சிமெண்டுக்குச் சமமாக வெட்டப்பட்டிருந்தது. அது முடிந்த இடத்துக்கு நேர் முன்னால், சுவரோடு திருகி அடித்த மர அலமாரி. வீட்டு உரிமையாளர் சுவரை உடைக்கக் கூடாது என்று போனிலேயே சொல்லிவிட்டார். வெங்கடசாமி அலமாரியின் திருகாணிகளைக் கழற்றி, அதை முன்னால் இழுத்து, சிமெண்டைச் சுரண்டி, அந்த அரை அங்குலச் செம்பில் இணைப்புப் போட்டார். தான் வாழ்நாளில் பார்த்த மிக அழகான இணைப்பு அதுதான் என்று சுரேந்திரா பிறகு சொன்னான். பெட்டி வைத்தார். மூடி போட்டார். வெளியே இருட்டிக்கொண்டு மழை வந்தது. அலமாரியைத் திரும்பத் தள்ளி, ஆறு திருகாணிகளையும் முடுக்கினார்.

முடுக்கும்போது அவருக்குத் தெரிந்ததா என்று கம்லா பிற்பாடு கேட்டாள். ஆறாவது திருகாணியில் தெரிந்தது என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் சட்டையில் வந்தார். செவ்வாய்க்கிழமை பாரத்தை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டால் புதன்கிழமை ஐம்பது வயது வரலாம், பாதகமில்லை. அஷ்னிதா அதற்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஃபேக்ஸ் இருக்கும் ஒரு சிநேகிதி வீட்டில் காத்திருந்து, வந்ததும் குடியேற்ற ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். சுரேந்திரா பேனாவோடு தயாராக நின்றான். அவனும் அந்த வாரம் தன் சொந்த விண்ணப்பத்துக்காகக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய நோட்டீஸ் கட்டு.

வெங்கடசாமி எல்லா அறையும் பார்த்தார். சமையலறையில் அலமாரி முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அலமாரி சாமான்தானே," என்று தமக்குத் தாமே சொன்னார். "சாமானை நகத்தலாம்."

"நகத்தலாமே," என்றார் குருக்கள். "நீங்களே பண்ணினேள், நீங்களே பாக்கறேள். இதுல என்ன சந்தேகம்?"

"திருகியிருக்கு."

"திருகினதைக் கழட்டினா ஆச்சு."

சுரேந்திராவுக்கு அந்த நேரத்தில் விளையாட்டுப் புத்தி. பிளாஸ்டிக் பையைப் பிரித்து, கட்டிலிருந்து ஒரு தாளை உருவினான்.

"பாய், இதக் கேளுங்க! தொண்ணூத்தாறு, டிசம்பர். குளியல் ரூமு அலமாரி. நானும் இதேதான் சொன்னேன், திருகாணியக் கழட்டினா ஆச்சுன்னு. நீங்க என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா?" இன்ஸ்பெக்டரின் குரலைப் போலவே மூக்கால் வாசித்தான். "'நெருப்புப் பிடிக்கும்போது யாரும் திருப்புளி தேட மாட்டார்கள். ஃபெயில்.' கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்ல கரண்டு இல்லாம பென்சின் லைட்டு. அந்தக் கிழவி என்னை எப்படித் திட்டுச்சு!"

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன் வெங்கடசாமியின் முகத்தைப் பார்த்ததும் தாளை மடித்தான்.

"பாய். நான் சும்மா சொன்னேன்."

"தெரியும்."

"நஹி பாய், சும்மா. அது அப்போ. இப்ப யாரு பாக்கப் போறா? நான் பாக்கல. குருக்கள் பாக்கல. சொல்லுங்க குருக்களே!"

"நான் ஒண்ணும் பாக்கலை," என்றார் குருக்கள். அவசரத்தில் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"அந்தக் கிழவி பேரென்ன?" என்று வெங்கடசாமி கேட்டார்.

சுரேந்திரா மடித்த தாளைப் பைக்குள் செருகினான்.

வெங்கடசாமி அட்டைப் பலகையை யசோதாவின் கிரைண்டர் பெட்டி மேல் வைத்து எழுதினார். வேலை செய்தவர்: வெங்கடசாமி. பரிசோதித்தவர்: வெங்கடசாமி. குறை: இணைப்புப் பெட்டியை எட்ட முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாத குறை என்பதால், சரிசெய்யும்வரை மூன்று மாதத் தற்காலிக சப்ளைக்கு அனுமதி. மணி ஒன்பது ஐம்பது. ஒரு நகல் கான்ட்ராக்டருக்கு, ஒரு நகல் வேலை செய்தவருக்கு. தம் நகலைத் தாமே கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மெயினைப் போட்டார். யசோதாவின் உளுந்து அதற்குள் புளித்துப் போயிருந்தது. வேறு ஊறப் போட்டாள்.

கம்லாவிடம் மத்தியானம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பெட்டி அங்கயே இருந்தா யாரு சாவாங்க?"

"யாரும் சாக மாட்டாங்க. இணைப்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்துக் கதவோரம் நின்றார். கத்தவில்லை. அஷ்னிதாவுக்குப் போன் போட்டு, சிநேகிதி வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை அவருக்கு ஐம்பது வயது ஆயிற்று. கம்லா பாயசம் வைத்தாள். பேசாமல் வைத்த பாயசம்.

இந்தக் கதையில் தேறியவன் ஒருவன் உண்டு. நியூஸிலாந்துக்காரர்கள் சுரேந்திராவிடம் இத்தனை வருஷம் தொழில் செய்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அவனிடம் கணக்குப் புத்தகமும் கிடையாது, ரசீதும் கிடையாது. ஃபெயில் நோட்டீஸ்கள்தான் இருந்தன, முப்பத்தொன்று. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், வீட்டு முகவரி, செய்த வேலையின் விவரம், அரசாங்க முத்திரை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் குறை சரிசெய்யப்பட்டதாக இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. இவ்வளவு கறாரான மேற்பார்வையில் வேலை செய்தவரைத் தாங்கள் அபூர்வமாகவே பார்த்திருப்பதாக அவர்கள் எழுதினார்கள். ஜூலையில் கிளம்பினான்.

அவன் வீட்டுப் பூஜைக்கு வெங்கடசாமி போனார். நங்கோனாவும் குடித்தார். மச்சான் ஒருவன் கத்தியோடு ஸ்டூலில் ஏறியபோது எழுந்து போய் அவன் முழங்காலைத் தொட்டார்.

"தம்பி, கூரைப் பக்கம் ஒரு அடி விட்டு வெட்டு."

"வாலு குட்டையாயிடும், மாமா."

"ஆவட்டும். வீடு இங்கதான இருக்கப்போகுது."

மச்சான் சுரேந்திராவைப் பார்த்தான். சுரேந்திரா கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு அடி வுடு," என்றான். பிறகு வெளியே போய் ரொம்ப நேரம் தண்ணீர்க் குழாயடியில் நின்றான். உள்ளே வந்தபோது, "உங்களுக்கு நான் ஒரு கையெழுத்துப் போடணும் பாய், போடவே முடியலியே," என்றான். "சும்மா இருக்காம வாசிச்சேன்."

"வாசிக்காட்டியும் அதான் எழுதியிருப்பேன்."

அது உண்மையா என்று வெங்கடசாமிக்கே தெரியாது. ஆனால் அவனிடம் அப்படித்தான் சொன்னார்.

அக்டோபரில் அஷ்னிதாவின் பிரசவத்துக்காகக் கம்லா ஆக்லாந்து போனாள். ஆறு மாதம் என்று போனாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மூன்று மாதம் கூடிற்று, மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு வருஷம் கூடிற்று. பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து, வீட்டைக் கழுவி, அவருக்குச் சட்டை வாங்கிப் போட்டு, திரும்புவாள். பெற்றோருக்கான வேறொரு விண்ணப்பத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார். அது எங்கோ ஒரு வரிசையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேரனின் அழுகையைக் கேட்டார், பிறகு அவன் பேசுவதைக் கேட்டார். பேரனுக்கு அவர் பேசியது புரியாது. இருந்தாலும் தமிழிலேயே பேசினார், திருத்த ஆளில்லை என்பதால் இலக்கண சுத்தமாக.

ஃபெயிலான அந்த வேலையை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. நோட்டீஸ் எழுதிய அதே வாரச் சனிக்கிழமையே, கணக்கில் சேராத சனிக்கிழமை, ரம்பத்தோடு குருக்கள் வீட்டுக்குப் போய் அலமாரியின் முதுகுப் பலகையில் சதுரமாக வெட்டினார். பாத்திரங்களை நகர்த்திக் கையை விட்டால் பெட்டியின் மூடியைத் திறக்கலாம். வேலை முடிந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. அந்தத் திங்கட்கிழமையே செய்திருக்கலாம், அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மீதி, ஒரு வேலை நாளில் இன்ஸ்பெக்டராக வந்து பார்த்து, நோட்டீஸின் பின்பக்கம் கையெழுத்துப் போடுவது மட்டும்தான்.

மூன்று மாதம் கழித்துத் தற்காலிக சப்ளையைப் புதுப்பிக்க வந்தார். யசோதா காப்பி கொடுத்தாள். அலமாரியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றார். புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதற்கடுத்த மூன்றாவது மாதமும் அப்படியே. ஊரில் மற்றவர்களின் குறைகளை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் முடித்துவைத்த மனிதர், இதற்கு மட்டும் நோட்டீஸைக் கொண்டுவர மறந்துவிட்டதாகச் சொல்வார். ஒருமுறை குருக்கள் கேட்டே விட்டார்: "எல்லாம் சரியா இருக்குன்னா ஒரேயடியா முடிச்சுடப்படாதோ?"

"இருவது நிமிஷ வேல, குருக்களே," என்றார் வெங்கடசாமி. "இருவது நிமிஷ வேல." காப்பியைக் குடித்தார்.

ஐந்து வருஷத்தில் இருபது முறை புதுப்பித்தார். இரண்டாயிரத்து ஆறு ஏப்ரலில் ஐம்பத்தைந்து முடிந்து ஓய்வு பெற்றார். நவம்பர் இருபத்திநான்காம் தேதி காலை, வாசலில் பேப்பரை எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. டிசம்பர் ஐந்தாம் தேதி ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்த செய்தி அவருக்குப் பதினொரு நாள் தாமதமாக வந்தது. அவர் கேட்க இல்லை. கம்லாவும் அஷ்னிதாவும் வந்து காரியம் செய்தார்கள். சுரேந்திரா ஆக்லாந்திலிருந்து கடைசி விமானத்துக்கு டிக்கெட் கிடைக்காமல், போனில் கம்லாவிடம் ஹிந்தியில் அழுதான். அவன் அங்கே இன்ஸ்பெக்டராகிவிட்டிருந்தான்.

அவருக்குப் பின் வந்த இன்ஸ்பெக்டருக்கு நவுசோரியோடு இன்னும் மூன்று ஊர்கள். தற்காலிக சப்ளைகள் இப்போது ஆபீசிலேயே, வீட்டைப் பார்க்காமல், தாமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. குருக்கள் வீட்டுக் கோப்பில் இரண்டாயிரத்தொன்று ஏப்ரல் இரண்டாம் தேதி நோட்டீஸ் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் 'குறை சரிசெய்யப்பட்டது' என்று அச்சிட்ட வரிக்குக் கீழே தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.